வந்தவர் சற்று இருந்து போகும் கடை: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை கடை, சந்தை, சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றை எவ்வாறு அமைப்பது என்பது பற்றியே இருந்தமையால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு பிரதான வீதியோரம் இருக்கிறது. அதன் முன்பகுதியைப் புத்தகமும் தேநீரும் விற்கும் கடையாக மாற்ற எண்ணியுள்ளேன். வருபவர்கள் ஆறுதலாக இருந்து வாசித்து, கதைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் விருப்பம். ஒப்பந்தகாரரோ முன்விறாந்தையை இடித்துக் கண்ணாடிச் சுவர் எழுப்பி உள்ளே குளிரூட்டி பொருத்தச் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், கொக்குவில்)

விறாந்தையை இடிக்கவேண்டாம். உங்கள் கடைக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் பெரிய முதல் அதுதான்.

ஒருவர் ஓரிடத்தில் தங்குவாரா, கடந்து போய்விடுவாரா என்பது பெரும்பாலும் வாசலடியிலேயே முடிவாகிவிடுகிறது. வெயிலில் வீதியால் வருபவர் மூடிய கண்ணாடிக் கதவொன்றைக் கண்டால், அதைத் தள்ளிக்கொண்டு போவதா வேண்டாமா என்று யோசிக்கிறார். போனால் ஏதாவது வாங்கத்தான் வேண்டுமோ என்ற கூச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. விறாந்தை இருக்குமிடத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அவர் நிழலுக்கு ஒதுங்குகிறார், வாங்கில் அமர்கிறார், அருகில் அடுக்கியிருக்கும் பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டுகிறார், உள்ளே தேநீர் ஆற்றும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு அவர் கேட்கும் தேநீர் அவராகவே கேட்பது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய சங்கதி அன்று. பழைய வீடுகளின் சங்கடப்படலையை நினைத்துப் பாருங்கள். படலைக்கு மேலே சிறிய கூரை, இரு பக்கமும் அமர்வதற்குத் திண்டு, ஓரமாகத் தண்ணீர்ப் பானை: வீட்டுக்காரரை அறியாத வழிப்போக்கரும் அங்கே கேட்காமலே இருந்து இளைப்பாறலாம். பருத்தித்துறையில் இன்றும் நிற்கும் தெருமூடி மடம் அதைவிட ஒருபடி மேலே போய், வீதியையே கூரையால் மூடி, இரு மருங்கிலும் உயர்ந்த திண்ணைகளை அமைத்து, கடந்து போகிறவரை நிழலுக்குள்ளாகவே போகச் செய்கிறது. வீட்டின் அல்லது வீதியின் விளிம்பில் ஒரு துண்டை முன்பின் அறியாதவருக்கு விட்டுக்கொடுப்பது நம்முடைய கட்டட மரபு. இன்றைய கடைகளில் அந்த விளிம்பு உருளைக் கதவாகவும் வழுக்கும் மாபிள் படியாகவும் மாறியதோடு, எவரும் குந்திவிடக் கூடாது என்று பூச்சாடிகளை வரிசையாக வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது.

ஆகவே உங்கள் கடையின் முதல் ஆறு அல்லது ஏழு அடியை வியாபாரக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அங்கே சுவரோரமாக நீண்ட வாங்கு ஒன்றைப் போடுங்கள். உயரம் 16 முதல் 18 அங்குலம், அகலம் 16 அங்குலத்துக்குக் குறையாமல், முதுகு சாய்க்கச் சுவரோ சட்டமோ இருக்கட்டும். வயதானவர் ஊன்றி எழுவதற்கு ஒரு முனையிலாவது கைப்பிடி வேண்டும். தண்ணீர் ஒரு மண்பானையில் இருக்கட்டும். விற்பனைக்குள்ள போத்தல்களை அதற்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

வெக்கை பற்றி ஒப்பந்தகாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் காட்டும் வழி பொருத்தமானதன்று. கண்ணாடிச் சுவர் மேற்கு நோக்கியிருந்தால் பிற்பகலில் வெயிலை உள்ளே விட்டுவிட்டு, பின்னர் அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கே மின்சாரம் செலவழிக்கவேண்டியிருக்கும். தெற்கையும் வடக்கையும் பார்த்த சுவர்களுக்கு நாலைந்து அடி நீண்ட கூரை இறப்பு போதும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் அதற்கு இறப்பு உதவாது, பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிட்டு மாலையில் இறக்கவேண்டும். கூரை ஓட்டின் கீழே பலகை அடித்து, இரண்டுக்கும் இடையில் காற்றோட்டத்துக்கு வழிவிட்டால் மதிய வெக்கை கணிசமாகக் குறையும். ஆறுதலாகச் சுழலும் மின்விசிறி, செக்கனுக்கு ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் காற்று உடலில் படுமாறு செய்தாலே, ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் குளிர்ந்தது போன்ற உணர்வைத் தருகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்குப் பக்க யன்னல்களையும் எதிர்ப்பக்கத்து யன்னல்களையும் ஒரே வேளையில் திறந்து வைத்தால் அந்த விசிறியும் பல நாட்களில் தேவைப்படாது. உங்கள் வீடு நாற்சார் வீடாக இருக்குமானால் நடுமுற்றத்தை மூடிவிடாதீர்கள். வாசிப்பவர்களுக்கு அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிட நல்ல இடம் வேறில்லை.

வெளிச்சம் பற்றியும் ஒரு சொல். நம் கடைகளில் 6500 கெல்வின் வெள்ளை மின்குமிழ்களையே கூரை முழுவதும் பூட்டிவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நெடுநேரம் இருக்க எவருக்கும் மனம் வராது. கூரையின் பொது வெளிச்சத்தைக் குறைத்து, ஒவ்வொரு மேசைக்கும் மேலே 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் குமிழ் ஒன்றைத் தாழ்வாகத் தொங்கவிட்டால், இருப்பவருக்குத் தமக்கென ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: நாங்கள் புடவைக்கடை நடத்துகிறோம். சரக்குக்குக் குறைவில்லை, விலையும் நியாயமானது. ஆனாலும் வருபவர்கள் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு, “பிறகு வாறம்” என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். காரணம் என்னவாக இருக்கும்? (கடை உரிமையாளர், சுன்னாகம்)

புடவை எடுக்க வருபவர் தனியே வருவதில்லை. தாயும் மகளும் சின்னம்மாவும் வருவார்கள். கூட்டிவந்த கணவரோ தமையனோ உடனிருப்பார். கைக்குழந்தை ஒன்றும் இருக்கும். இவர்களுள் தெரிவு செய்பவர் ஒருவர், காத்திருப்பவர் பலர். கடையை நாம் தெரிவு செய்பவருக்காக அமைக்கிறோம். எப்போது புறப்படுவது என்பதைக் காத்திருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். வாசலில் மோட்டார் சைக்கிளின் மேல் குந்தியிருந்து, இரண்டு தரம் கைபேசியில் கூப்பிட்டு, மூன்றாந்தரம் ஹோர்ன் அடிக்கும் கணவரை எந்தப் புடவைக்கடையின் முன்னும் காணலாம். அவர் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை, வண்டியின் இருக்கை சுடுகிறது, உள்ளே போனால் நிற்பதற்கும் இடமில்லை. அந்த முதல் அழைப்பு வந்த கணத்திலேயே உள்ளே விரித்த சேலை மடிக்கப்படத் தொடங்கிவிடுகிறது.

கடைகளில் மக்கள் நடமாடுவதை ஒளிப்பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கரான பாக்கோ அண்டர்ஹில் இதையே சொல்கிறார்: தோழியோடு வரும் பெண் நெடுநேரம் நிற்கிறார், ஆணோடு வரும் பெண் விரைவில் புறப்பட்டுவிடுகிறார். எனவே காத்திருப்பவர்களுக்கு நாலு கதிரைகள் போடுங்கள், ஆனால் அவற்றை மூலையில் ஒதுக்காமல், சேலை விரிக்கும் மேசை கண்ணிற்படும் இடத்தில் போடுங்கள், கதிரையில் இருப்பவரிடம் “இது எப்படி?” என்று தூக்கிக் காட்டக்கூடிய தூரம் வேண்டும். குழந்தைக்கு ஒரு பாயும் சில மரப் பொம்மைகளும் போதும்.

அண்டர்ஹில் கண்ட வேறொன்றும் உங்களுக்குப் பயன்படும். நெருக்கமான வழியில் நின்று ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து ஒருவர் உரசிப் போனால், அவர் அந்தப் பொருளை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பெண்களிடம் இது மேலும் அதிகம். சேலை பார்க்கும் இடத்தில் இருவர் தாராளமாக விலகிப் போக 5 அடி வழி விடுங்கள், வாசலுக்கு அருகில் நல்ல சரக்கை வைக்கவேண்டாம். வெயிலிலிருந்து உள்ளே வந்தவரின் கண் பழகுவதற்குச் சில அடிகள் ஆகின்றன, அதுவரை அங்கே இருப்பது எதுவும் அவர் கண்ணில் விழாது.

நிறமும் முக்கியம். சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது நம் பெண்களின் வழக்கம். கடையின் விளக்கை அவர்கள் நம்புவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் சிவப்பையும் அரக்கையும் மங்கச் செய்கின்றன. சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டும் சுட்டெண் 90க்கு மேற்பட்ட குமிழ்களை வாங்கி, சேலை விரிக்கும் மேசைக்கு மேலே மட்டுமாவது பூட்டுங்கள். வடக்குப் பக்கத்தில் யன்னல் இருக்குமானால் பெரிய நிலைக்கண்ணாடியை அதற்கருகே வையுங்கள். வாசலுக்கு ஓடவேண்டிய தேவை அப்போது இராது. பணியாளர்கள் வந்தவரின் தோளோடு தோளாகத் தொடர்ந்து செல்வதை விட்டு, வரவேற்றபின் இரண்டடி விலகி நிற்கட்டும்.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் தேநீர்க்கடை வைத்திருக்கிறேன். மாணவர்கள் ஒரு பிளேன்ரீயை வாங்கிவைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கிறார்கள். கதிரைகளைக் குறைத்துவிடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

குறைக்கவேண்டாம் என்றே சொல்வேன். ஆளில்லாத தேநீர்க்கடைக்குள் காலடி வைக்க எவரும் தயங்குவார்கள். காலை 10 மணிக்கு உங்கள் கடையில் இருக்கும் அந்த நாலு மாணவர்கள்தான் ஐந்தாமவரை உள்ளே அழைக்கிறார்கள். நியூயோர்க்கின் திறந்த முற்றங்களை 1970களில் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் எச். வைற், மக்களை ஓரிடத்துக்கு ஈர்ப்பவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும் மக்களே என்று கண்டார். எங்கே இருக்க இடமுண்டோ அங்கேதான் மக்கள் இருப்பார்கள் என்ற எளிய முடிவையும் அவர் அழுத்திச் சொன்னார். அவரது ஆய்வின் பயனாக 1975இல் அந்நகரின் விதிகள் திருத்தப்பட்டு, முற்றத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீள இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. நகர்த்தக்கூடிய கதிரையை அவர் மிகவும் விரும்பினார். அமர வருபவர் எந்தத் தேவையும் இல்லாவிட்டாலும் கதிரையை ஓரிரு அங்குலம் நகர்த்திவிட்டே அமர்வதை அவரது படங்கள் காட்டின. அந்தச் சிறு நகர்வோடு அந்த இடம் அவருடையதாகிவிடுகிறது.

உங்கள் சிக்கல் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறேன். நெடுநேரம் இருப்பவர்களுக்குப் பின்பக்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்திருக்கும் நீள மேசை ஒன்றைப் போடுங்கள். மாணவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். முன்பக்கத்தில் இருவருக்கான, 2 அடிச் சதுர மேசைகள் இருக்கட்டும். தேவைப்பட்டால் இரண்டைச் சேர்த்து நால்வருக்கு ஆக்கலாம். வாசலோரம் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பலகை அடித்துவிட்டால், நின்றபடி குடித்துவிட்டுப் போகும் முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்குக் கதிரையே தேவைப்படாது. மதியம் 12 முதல் 2 மணி வரை முன்மேசைகள் சாப்பிடுபவர்களுக்கு என்று ஒரு பலகையில் மரியாதையாக எழுதிவிடுங்கள். மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: கடையில் பாட்டுப் போட்டால் ஆட்கள் கூடுதல் நேரம் நிற்பார்களா? (வாசகி, சாவகச்சேரி)

மெதுவான இசையானால் நிற்பார்கள். றொனால்ட் மில்லிமன் என்பவர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், பேரங்காடி ஒன்றில் மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் ஆறுதலாக நடந்தார்கள். விரைவான இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை ஏறத்தாழ 38 சதவீதம் கூடியது. நான்கு ஆண்டுகளின் பின் உணவகம் ஒன்றில் அவர் பார்த்தபோது, மெதுவான இசையால் விருந்தினர் நெடுநேரம் இருந்தார்களேயன்றி உணவுக்கான செலவு மாறவில்லை. பானங்களுக்கான செலவே கூடியது. ஆனால் மாபிள் தரையும் கண்ணாடியும் வெறுஞ்சுவருமாக உள்ள கடையில் எந்த இசையும் இரைச்சலாகவே முடியும். முதலில் சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் பனையோலைப் பாயோ தும்புப் பாயோ பதித்து எதிரொலியை அடக்குங்கள், இசை அதற்குப் பிறகு.

கேள்வி: கடைத்தொகுதி ஒன்றின் முதலாம் மாடியில் எங்கள் கடை இருக்கிறது. கீழே சனம் நெருக்கியடிக்கிறது, மேலே எவரும் வருவதில்லை. விளம்பரப் பலகை வைத்தும் பயனில்லை. (வாசகர், யாழ்ப்பாணம் நகர்)

மேலே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கீழிருந்து தெரியாவிட்டால் மக்கள் ஏறமாட்டார்கள். நம் கடைத்தொகுதிகள் பலவற்றில் படிக்கட்டு இரண்டு கடைகளுக்கு நடுவே இருண்ட பொந்தாக, மூத்திர வாடையோடு இருக்கிறது. அதில் தனியே ஏற ஒரு பெண் தயங்குவது இயல்பு. நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது குறைவு. மாடியிலுள்ள கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து கட்டட உரிமையாளரிடம் கேட்கவேண்டியவை இவை: படிக்கட்டு வீதியிலிருந்து நேரே தெரியவேண்டும், அகலம் 6 அடியாவது இருக்கவேண்டும், படியின் உயரம் 6 அங்குலத்தை மீறாமல், மிதி 11 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், பாதிவழியில் யன்னலும் வாங்கும் உள்ள தரிப்பு ஒன்று வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி செய்யவேண்டும் என்பதை 2006இல் வர்த்தமானியில் வெளியான அணுகல் வசதி ஒழுங்குவிதிகளே வற்புறுத்துகின்றன. எத்தனையோ பேர் போரில் காலை இழந்து வாழும் மண்ணில் இதை எவரும் நினைவூட்ட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

மேலே எதை வைப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. கீழே கிடைப்பதையே மேலேயும் விற்றால் ஏறுவதற்குக் காரணமில்லை. தையலகம், மூக்குக்கண்ணாடிக் கடை, புத்தகக் கடை போன்று, மக்கள் தேடிப்போகும் தொழில்களுக்கு மாடி பொருந்தும். வீதியைப் பார்த்த மேல்விறாந்தையில் தேநீர்க்கடை ஒன்று வந்துவிட்டால் நிலைமை மாறும்: அங்கே இருந்து குடிப்பவர்களைக் கீழே பேருந்துக்கு நிற்பவர்கள் பார்ப்பார்கள், பலகையைவிட அது நன்றாக அழைக்கும்.

கேள்வி: பெரிய நகரங்களின் பேரங்காடித் தொகுதிகளில் நேரம் போவதே தெரியாமல் சுற்றவைத்து, தேவையில்லாதவற்றையும் வாங்கவைக்கிறார்கள். நீங்கள் கடைக்காரர்களுக்குச் சொல்லித்தருவதும் அதே வித்தைதானே? (ஆசிரியை, நல்லூர்)

மனத்தைத் தைக்கும் கேள்வி. அதற்கு நேராகவே விடை சொல்லவேண்டும். மூடிய கூரையும் குளிரூட்டலும் கொண்ட பேரங்காடித் தொகுதியின் தந்தை எனப்படுபவர் வியன்னாவில் பிறந்த கட்டடக்கலைஞர் விக்ரர் குறுவென். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அவர் அமைத்த சவுத்டேல் தொகுதியே உலகின் பிற தொகுதிகளுக்கு முன்மாதிரியானது. அதைச் சுற்றி வீடுகள், பாடசாலைகள், மருத்துவ நிலையம், பூங்கா எல்லாம் எழுந்து, வியன்னாவின் நகர மையம் போல மக்கள் கூடும் இடமாக அது வளரவேண்டும் என்பது அவரது கனவு. எழுந்ததோ கடைகளும் கடல்போன்ற வாகனத் தரிப்பிடமும் மாத்திரமே. உள்ளே நுழைந்தவர் வந்த காரியத்தை மறந்து மயங்கித் திரிவதற்கு அவருடைய பெயரையே சூட்டிவிட்டார்கள். அவரோ முதுமையில் வியன்னாவுக்குத் திரும்பி, அத்தகைய தொகுதிகளுக்குத் தாம் தந்தையல்லர் என்று வெளிப்படையாகவே மறுத்துரைத்தார்.

நான் சொல்வதற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எதையும் வாங்காதவர் அங்கே இருக்கலாமா? இருக்கும் இடத்திலிருந்து வீதியும் வெளிவாசலும் தெரிகின்றனவா? தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் காசு கேட்காமல் வழிகாட்டுகிறார்களா? யன்னலை மூடி, நகரும் படிகளை எதிரெதிர் முனைகளில் வைத்து, வெளியே போகும் வழியை ஒளித்துவைப்பவர் மக்களைப் பிடித்துவைக்கிறார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை நிறுத்திவிட, சனம் மணலில் குந்தியிருந்து, தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்து, ஐஸ்கிறீம் கடை வாசலில் நின்று கதைத்து, இரவு நெடுநேரம் சென்றே வீடு திரும்புவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அங்கே எவரையும் எவரும் பிடித்துவைக்கவில்லை. வாகனம் இல்லை, நிழலும் தண்ணீரும் உண்டு, இருக்க இடம் உண்டு. கடைகளுக்கும் அந்நாட்களில் வியாபாரம் குறைவதில்லை. ஒரு கடைக்காரர் இதில் கால்வாசியைத் தன் வாசலில் செய்தாலும் நான் மகிழ்வேன்.

கேள்வி: எங்கள் பலசரக்குக் கடையின் முன்னால் நிற்கும் வேம்பு பெயர்ப்பலகையை மறைக்கிறது. வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிள் தரிப்பிடம் ஆக்கலாம் என்று மகன் சொல்கிறார். (வாசகர், மானிப்பாய்)

மகனை மறிக்கவும். அந்த வேம்பு தரும் நிழலைத் தகரக் கொட்டகையால் ஈடுசெய்ய முடியாது. தகரம் வெப்பத்தைக் கீழே இறக்கும், வேம்பு தன் இலைகளால் ஆவியாக்கும் நீரால் காற்றைக் குளிரச் செய்யும். கீழ்க்கிளைகளை 9 அடி உயரம் வரை கழித்துவிட்டு, பெயர்ப்பலகையை மரத்தின் கவிகைக்குக் கீழே, நடந்து வருபவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலாக இறக்கிப் பூட்டுங்கள். சைக்கிளில் வருபவர் எவரும் 15 அடி உயரத்துப் பலகையை அண்ணாந்து பார்ப்பதில்லை. வண்டிகளைப் பக்கவாட்டில், மரத்தின் பிற்பகல் நிழல் விழும் கிழக்குப் பக்கமாக நிறுத்த இடம் ஒதுக்குங்கள். அடிமரத்தைச் சுற்றி 18 அங்குல உயரத்தில் வட்டத் திண்டு ஒன்று கட்டலாம், ஆனால் மரத்தோடு ஒட்டிச் சீமெந்து பூசிவிடாதீர்கள். அடியிலிருந்து மூன்றடிக்காவது மண் திறந்திருக்கவேண்டும், திண்டின் அத்திவாரம் பெரிய வேர்களை வெட்டாமல் போகவேண்டும். மாரி தொடங்குமுன் காய்ந்த கிளைகளையும் மின்கம்பியை நோக்கி வளரும் கிளைகளையும் கழிப்பித்துவிடுங்கள். கம்பிக்கு மிக அருகில் உள்ளவற்றை நீங்களாகத் தொடாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.